தண்ணீரை மிச்சம் பிடித்தால் பில் ஏறுமா?

போன மாதம் தண்ணீர் பில்லைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தால், நம் ஆட்களுக்கு அரசியலைவிடத் தண்ணீர் பில்தான் பெரிய தலைவலி போலிருக்கிறது. அதனால் இந்த மாதம் பூராவும் தண்ணீர். பென்ஷன், பட்டா, பேரனின் படிப்பு என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இன்ஜினியர் இல்லை. தோட்டத்து ஆபீஸில் 27 வருஷம் கிராணி வேலை பார்த்தவன். கணக்கு தெரியும், தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறந்து மூடவும் தெரியும்.

கேள்வி: ஐயா, நாங்கள் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம் (பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும்). மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம், அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்குவதில்லை. அப்படியும் 2024-இல் கட்டணம் ஏறியது. என் மகன் சொல்கிறான், எல்லாரும் சிக்கனமாக இருந்தால் கம்பெனிக்கு வருமானம் குறையும், குறைந்தால் மறுபடி ஏற்றுவார்கள், ஆகவே மிச்சம் பிடிக்கிறவர்தான் ஏமாளி என்று. அவன் சொல்வது சரியா?
வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: பாதி சரி அம்மா. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெரும்பகுதித் தண்ணீர் போகிறது. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களை ஒரு தடவை வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடம், தரைக்கடியில் போகிற குழாய், அதைக் கட்ட வாங்கிய கடன், ஆட்களின் சம்பளம், இதெல்லாம் நீங்கள் குழாயைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே செலவுதான். கூடிக் குறைவது பம்புக்கு ஆகும் கரண்டும் மருந்தும் மட்டும். 2006-இல் பாப் என்கிற நீர்ச் சொத்து நிறுவனத்தை அரசாங்கம் ஆரம்பித்தபோது, கடன் வாங்கிக் குழாயும் நிலையமும் போடுவது அவர்கள் வேலை, அதைக் குத்தகைக்கு எடுத்துத் தண்ணீர் விற்பது மாநிலக் கம்பெனிகளின் வேலை என்று பிரித்தார்கள். குத்தகைப் பணம் எவ்வளவு விற்றது என்று பார்த்து வருவதில்லை, தவணை வந்தால் கட்டியாக வேண்டும்.

செலவு நிலையாக நிற்கிறது, வருமானமோ குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது. இதுதான் சிக்கலின் வேர். நம் கோயில் திருவிழாக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேளத்துக்கும் பந்தலுக்கும் ரதத்துக்கும் பேசிய பணம் பேசியதுதான், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டும். ஆனால் வரவு மட்டும் அர்ச்சனைச் சீட்டை நம்பி இருக்கிறது என்றால், அந்த வருஷம் மழை பெய்து கூட்டம் குறைந்ததும் பொருளாளர் என்ன செய்வார்? அடுத்த வருஷம் சீட்டு விலையை ஏற்றுவார். உங்கள் மகன் பயப்படுவது இதற்குத்தான்.

இனி அவன் தவறு செய்த பாதி. 2024 பிப்ரவரி 1-ஆம் தேதி வந்த உயர்வு, தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் வீட்டுக் கட்டணத்தில் சராசரியாகக் கனமீட்டருக்கு (ஆயிரம் லிட்டருக்கு) 22 சென், நீங்கள் அரிசித் தண்ணீரை மிச்சம் பிடித்ததால் வரவில்லை. நாம் எங்கே அம்மா மிச்சம் பிடித்தோம்? நம் நாட்டில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார், சிங்கப்பூர்க்காரர் சுமார் 140 லிட்டரில் முடித்துக்கொள்கிறார். விலை ஏறியதற்குக் காரணம், அது வருஷக்கணக்காக ஏறாமலே கிடந்ததுதான். சிலாங்கூரில் வீட்டு விகிதம் 2006-க்குப் பிறகு அசையவே இல்லை. ஸ்பான், அதாவது தேசிய நீர்ச் சேவை ஆணையம், அப்போது சொன்ன கணக்கு: ஒரு கனமீட்டருக்குச் செலவு சராசரி 1 ரிங்கிட் 75 சென், வரவு 1 ரிங்கிட் 43 சென். 32 சென் துண்டு விழுந்தால் எந்தக் கடைக்காரரும் நாலு வருஷத்தில் ஷட்டரை இறக்கிவிடுவார்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த 2024 விகிதப்படி சிலாங்கூரில் மாதத்துக்கு முதல் 20 கனமீட்டர் வரை கனமீட்டருக்கு 65 சென், அதற்கு மேல் 35 வரை 1 ரிங்கிட் 32 சென், 35-ஐத் தாண்டினால் 2 ரிங்கிட் 63 சென். (உங்கள் பில்லில் இப்போது வேறு விகிதம் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு மாறாது.) நீங்கள் ஒரு கனமீட்டர் குறைத்தால் கம்பெனிக்கு நஷ்டம் 65 சென். பங்களாவில் தினமும் இரண்டு கார் கழுவி, புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர் சுற்றவிடுகிறவர் ஒரு கனமீட்டர் குறைத்தால் நஷ்டம் 2.63, நாலு மடங்கு! ஆக, யாரைக் குறைக்கச் சொல்லி அந்த உயர்ந்த விலையை வைத்தார்களோ, அவர் குறைக்காமல் இருந்தால்தான் கம்பெனியின் கணக்கு நேராகும். ஒரு கையால் அடித்து மறு கையால் கூப்பிடுகிற கதை.

அப்படியானால் மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம் என்றால், அடுத்த அணை, அடுத்த நிலையம் தள்ளிப்போகும். அதுதான் பெரிய பணம். சிலாங்கூருக்குத் தண்ணீர் போதாது என்று தித்திவாங்சா மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டுப் பகாங்கிலிருந்து கொண்டுவந்தோமே, அந்த மாதிரி ஒன்றைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டால் அந்தக் கடனும் வட்டியும் நம் பேரப்பிள்ளைகள் பில்லில் இப்போதைக்கு ஏறாது. மகனிடம் சொல்லுங்கள்: இந்த மாதக் கணக்கில் அவன் சொல்வது சரி, இருபது வருஷக் கணக்கில் அரிசித் தண்ணீரைப் பிடிக்கிற அம்மாதான் சரி.

கேள்வி: விற்பனை குறைந்தாலும் கம்பெனி நஷ்டப்படாதபடி ஏதாவது சட்டம் போட முடியாதா? வேறு எங்காவது செய்திருக்கிறார்களா?
வாசகர், கூலிம்

பதில்: செய்திருக்கிறார்கள், செய்து கையும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் தண்ணீருக்கு முன்னாலேயே மின்சாரத்துக்கு இதைக் கொண்டுவந்தது, 1982-இல். தண்ணீர்க் கம்பெனிகளுக்கு 2008-இல் ஆரம்பித்தார்கள். திரும்பவும் கோயில் கணக்குக்கே வருகிறேன். வருஷ ஆரம்பத்தில் பொதுக்கூட்டம் போட்டு, இந்த வருஷத் திருவிழாவுக்கு இவ்வளவு வேண்டும் என்று தொகையை முடிவு செய்துவிட வேண்டியது. சீட்டு விற்பனை அதற்குக் கீழே போனால், குறைந்த தொகையைத் தனி நோட்டில் எழுதிவைத்து அடுத்த வருஷம் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். அதிகமாக வசூலானால் பொருளாளர் வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த வருஷச் சீட்டில் கழித்துவிட வேண்டும். அப்போது பொருளாளருக்குக் கூட்டம் கூடினாலும் ஒன்றுதான், குறைந்தாலும் ஒன்றுதான். தண்ணீர்க் கம்பெனிக்கும் இதே மாதிரி செய்தால் அது "இன்னும் குளியுங்கள், இன்னும் கழுவுங்கள்" என்று உள்ளுக்குள் ஆசைப்பட வேண்டிய அவசியம் இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன? இந்த வருஷம் இவ்வளவு தண்ணீர் விற்கும் என்று போடுகிற மதிப்பீடு வருஷா வருஷம் நிஜத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. முந்நூறு குடும்பம் வரும் என்று எழுதி இருநூற்றிருபது வந்தால் என்ன ஆகும்? நோட்டில் பாக்கி, பாக்கிக்கு மேல் பாக்கி. இதில் வறட்சி வேறு வந்தது. 2015 ஏப்ரலில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் நகரங்கள் 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார், ஜனங்களும் புல்வெளியைக் காயவிட்டுக் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறைத்தார்கள். குறைத்தவர்களுக்குப் பரிசாகப் பில்லின் அடியில் கூடுதல் கட்டணம் என்று ஒரு வரி வந்தது. கொதித்துப்போனார்கள். 2020-இல் அங்கே கட்டணத்தை முடிவு செய்கிற ஆணையமே இந்த ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னது, கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. அதுவும் முறை நல்லதா கெட்டதா என்று பார்த்து இல்லை, இந்த விஷயத்தை முடிவு செய்யப் போகிறோம் என்று சரியாக முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்ற காரணத்தால். இங்கிலாந்திலும் வருஷ வருமானத்துக்கு ஒரு அளவு குறித்து, கூடியதையும் குறைந்ததையும் பின்னால் சரிசெய்கிற முறை இருக்கிறது. அங்கே இவ்வளவு கூச்சல் இல்லை, மீட்டரே இல்லாத வீடுகள் நிறைய என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இதைவிடச் சுலபமான வழி, மாதாமாதம் நிலையான ஒரு தொகையை எல்லார் பில்லிலும் ஏற்றிவிடுவது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. கம்பெனிக்கு நிம்மதி, சரி. ஆனால் தனியாக இருக்கிற பாட்டிக்கும் பங்களாக்காரருக்கும் ஒரே தொகை, அப்புறம் பாட்டி எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பில் இறங்கவே இறங்காது.

கலிபோர்னியா முறை நமக்கு வரலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விற்பனை மதிப்பீட்டைக் கம்பெனியே எழுதக் கூடாது, அந்தப் பாக்கி முதல் 20 கனமீட்டரில் ஏறக் கூடாது. இன்னொன்றும் உண்டு, குழாய் ஒழுகியதால் வந்த நஷ்டத்தை அந்த நோட்டில் எழுதவே கூடாது. ஏன் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: எங்களைக் குழாயை இறுக்கி மூடச் சொல்கிறார்கள். ரோட்டடியில் போகிற தண்ணீருக்கு யார் மூடி போடுவது?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நியாயமான கோபம். சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் காசாகத் திரும்பி வராத பங்கு 2022-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 37 விழுக்காடு. பெர்லிஸில் 60-க்கும் மேல். எல்லாம் ஒழுகல் இல்லை, திருட்டு இணைப்பும் சரியாக ஓடாத பழைய மீட்டரும் அதில் சேர்த்தி. ஆனாலும் பெரும்பங்கு பழைய குழாய்தான், ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்து அந்தக் காலத்தில் புதைத்தது.

மேலே சொன்ன கலிபோர்னியா முறை மாதிரி வருமானத்தை விற்பனையிலிருந்து பிரிக்கும்போது இங்கேதான் ஆபத்து. ஒழுகினால் கம்பெனிக்கு வலிக்க வேண்டும். எவ்வளவு வந்தாலும் வராவிட்டாலும் உன் தொகை உனக்கு என்று சொல்லிவிட்டால், ரோட்டைத் தோண்டிக் குழாய் மாற்றுகிற தொல்லையை யார் இழுத்துப் போட்டுக்கொள்வார்? ஆகவே இவ்வளவு ஒழுகல்தான் கணக்கில் ஒப்புக்கொள்வோம், மிச்சம் உன் தலையில் என்று ஆணையம் சொல்ல வேண்டும். ஒழுகலைக் குறைத்தால் அதில் ஒரு பங்கு உனக்கே என்றும் சொல்லலாம், தப்பில்லை.

கேள்வி: ஒரே வளாகத்தில் மூன்று வீடு. முன்னால் அம்மா, பின்னால் அண்ணனும் நானும். மீட்டர் ஒன்றுதான். எல்லாரும் சிக்கனமாகத்தான் இருக்கிறோம், பில் மட்டும் நூறு வெள்ளியைத் தொடுகிறது. எங்கே தப்பு?
வாசகர், பத்து ஆராங்

பதில்: தப்பு உங்களிடம் இல்லை தம்பி, மீட்டரில்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் 20 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 60. மேலே சொன்ன விகிதத்தில் முதல் 20-க்கு 13 ரிங்கிட், அடுத்த 15-க்கு 19.80, மிச்சம் 25-க்கு 65.75. ஆக 98 ரிங்கிட் 55 சென். இதே தண்ணீர் மூன்று மீட்டரில் ஓடியிருந்தால் மூன்று தடவை 13, அதாவது 39 ரிங்கிட். மீட்டருக்குத் தலை எண்ணத் தெரியாது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 20 கனமீட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 133 லிட்டர் கிடைக்கும், எட்டுப் பேர் என்றால் 83 லிட்டர்தான். பினாங்கில் 2010-இல் 35 கனமீட்டருக்கு மேல் போகிற வீடுகளுக்குக் கனமீட்டருக்கு 24 சென் நீர்ச் சேமிப்புக் கூடுதல் கட்டணம் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் கூட்டுக் குடும்பமும் ஸ்பிரிங்க்ளர் வீடும் அந்த 35-ஐ ஒன்றாகத்தான் தாண்டும்.

நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்தோடு தனி மீட்டருக்கு விண்ணப்பம் போடுங்கள், ஒரு தடவை செலவு. சிலாங்கூரில் 2008 முதல் எல்லா வீட்டுக்கும் கொடுத்த இலவச 20 கனமீட்டர், 2020-லிருந்து குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும்தான், அதற்கும் விண்ணப்பம் வேண்டும். உங்கள் அம்மாவின் வருமானத்துக்கு அது கிடைக்குமா என்று அதே நடையில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தினமும் நாலு மணி நேரம் தண்ணீரை நிறுத்திவிட்டால் ஜனங்கள் தானாகத் திருந்துவார்கள். என்ன சொல்கிறீர்கள்?
வாசகர், பகாவ்

பதில்: நீங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவர் இல்லை என்று தெரிகிறது!

எங்கள் தோட்டத்தில் தொட்டித் தண்ணீர் காலை 5 முதல் 7 வரை, மாலை 4 முதல் 6 வரை. வால்வு என் கையில். திறந்ததும் லயம் முழுக்க ஒரே சத்தமாக இருக்கும், வாளி, டிரம், அண்டா, குழந்தை குளிக்கிற பேசின்கூட வெளியே வந்துவிடும். தண்ணீர் வருவதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால் நடப்பதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேற்றுப் பிடித்து மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே சாக்கடையில் கவிழ்ப்பார்கள், புதுத் தண்ணீர் பிடிக்க! தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்துபார்த்துவிட்டு மூட மறந்து வேலைக்குப் போய்விடுவார்கள், மாலையில் வால்வைத் திறந்தால் அது பாட்டுக்கு ஓடும். நிர்வாகமோ தண்ணீர் பத்தவில்லை என்று ஆட்களைத் திட்டும், பழுதான பம்பை மட்டும் மாற்றாது. மூன்று வருஷம் அந்தப் பம்புக்கு நான் எழுதின மெமோக்களை அடுக்கினால் ஒரு கோப்பு தேறும். கடைசியில் 24 மணி நேரமும் குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் டிரம் கவிழ்ப்பது நின்றது. நாளைக்கும் வரும் என்று நம்பினால்தான் மனுஷன் இன்றைக்குச் சேர்த்துவைக்காமல் இருப்பான்.

2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்து நிலையங்களை மூடியபோது 1,292 பகுதிகளில் தண்ணீர் நின்றதே, அப்போது தாமான் வீடுகளிலும் இதே டிரம் கதைதான் நடந்தது.

கேள்வி: பில் திடீரென்று இரண்டு மடங்கு. நான் லோரி கழுவுவதால்தான் என்கிறாள் மனைவி. அவள் வாஷிங் மெஷினால்தான் என்கிறேன் நான். தீர்ப்புச் சொல்லுங்கள்.
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: இரண்டு பேரும் நிரபராதியாக இருக்கலாம். ராத்திரி படுக்கப்போகும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணை எழுதிவையுங்கள், காலையில் யாரும் குழாயைத் தொடும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் அது டாய்லெட் தொட்டிதான், சத்தமே இல்லாமல் ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர் போய்விடும். சமையல்கட்டிலிருந்து ஒரு சிட்டிகை கேசரி பவுடரைத் தொட்டியில் போட்டு, ஃபிளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் திருடன் அகப்பட்டான், உள்ளே இருக்கிற ரப்பர் வால்வை மாற்றினால் போதும்.

இறங்கவில்லை என்றால் நீங்கள் லோரியை ஹோஸை விட்டு வாளியில் கழுவப் பழகுங்கள். வாஷிங் மெஷினைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன், இந்தப் பத்திரிகையை என் வீட்டிலும் படிக்கிறார்கள்.